பிளாக் டாம்: சுதந்திர தேவி சிலையின் முதுகுப் பக்கம்

நியூயார்க் போகிறவர்கள் சுதந்திர தேவியை முன்னாலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். முதல் உலகப் போரில் அமெரிக்கா காத்த நடுநிலையின் லட்சணத்தைப் பார்க்க, சிலையின் முதுகுப் பக்கம், ஜெர்சி சிட்டியின் லிபர்ட்டி ஸ்டேட் பார்க்குக்கு வர வேண்டும். ஐரோப்பாவுக்குப் போக இருந்த வெடிமருந்து 1916-இல் வெடித்த பிளாக் டாம் துறைமேடை இருந்த இடம் அங்கேதான்.

வேர்ல்ட் டிரேட் சென்டரில் நியூஜெர்சி போகும் பாத் (PATH) ரயில் ஏறி எக்ஸ்சேஞ்ச் பிளேஸில் இறங்குங்கள். அங்கே லைட் ரயில் மாறி லிபர்ட்டி ஸ்டேட் பார்க் ஸ்டேஷன். லைட் ரயிலுக்கு மெஷினில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, ஏறுமுன் பக்கத்துக் கருவியில் முத்திரை குத்த வேண்டும், மறந்தால் அபராதம். பலர் கூட்டத்தோடு சேர்ந்து வடக்கே படகுத்துறைக்குப் போய்விடுகிறார்கள். பிளாக் டாம் இருப்பது தென்கிழக்கு மூலையில். ஸ்டேஷனிலிருந்து அரை மணிக்கு மேல் நடை, வழியில் நிழல் குறைவு.

போய்ச் சேர்ந்தால் கொடிக்கம்பங்கள், ஒரு தகவல் பலகை, புல்வெளி, அவ்வளவுதான். ஒரு காலத்தில் இது தீவு. மண் கொட்டிக் கரையோடு சேர்த்து, சரக்கு ரயில் நேராகத் துறைமேடைக்கு வரும்படி செய்தார்கள்.

1914 ஆகஸ்டில் அதிபர் உட்ரோ வில்சன் நடுநிலை அறிவித்தார். ஆனால் தனியார் கம்பெனிகள் சண்டை போடும் நாடுகளுக்கு ஆயுதம் விற்க அன்றைய சர்வதேசச் சட்டத்தில் தடை இல்லை. ஜெர்மனியும் வாங்கலாம். வாங்கி எப்படிக் கொண்டுபோவது? கடலைப் பிரிட்டன் மறித்திருந்தது. ஆக, சரக்கு முழுக்க ஒரே பக்கம் போனது. 1915-இல் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் 50 கோடி டாலர் கடனும் அமெரிக்க வங்கிக்காரர்கள் திரட்டிக் கொடுத்தார்கள். இதை நடுநிலை என்று ஜெர்மனி நம்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

பக்கத்து ஊர் ஹோபோக்கனில், பிரிட்டிஷ் கப்பல்படைக்குப் பயந்து வெளியேற முடியாமல் கிடந்த ஜெர்மன் கப்பலிலேயே ஜெர்மன் உளவாளிகளின் ஆட்கள் ‘சுருட்டுக் குண்டு’ தயாரித்தார்கள். ஈயக் குழாய், நடுவில் செப்புத் தகடு. அமிலம் தகட்டை அரித்து மறுபக்கம் போனதும் தீப்பற்றும். தகடு எவ்வளவு கனமோ, அவ்வளவு தாமதம். சரக்குக் கப்பலில் ஒளித்துவைத்தால் நடுக்கடலில் எரியும்.

1916 ஜூலை 30, அதிகாலை 2 மணி தாண்டி பிளாக் டாம் வெடித்தது. ஏறத்தாழ 1,000 டன் வெடிமருந்து அங்கே இருந்தது. ஜான்சன் 17 என்ற படகில் மட்டும் 50 டன் டிஎன்டி. அது அங்கே கட்டிக்கிடந்த காரணம் 25 டாலர் இழுவைக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கத்தான் என்கிறார்கள். டைம்ஸ் சதுக்கம் வரை கண்ணாடிகள் நொறுங்கின. முதலில் பழி விழுந்தது கொசுவிரட்டப் புகை போட்ட காவலாளிகள் மீது! ஜெர்மன் சதிதான் என்று, போர் நஷ்டங்களை விசாரித்த அமெரிக்க-ஜெர்மன் உரிமைகோரல் ஆணையம் தீர்ப்புச் சொன்னது 1939-இல். நஷ்ட ஈடு அடைந்து முடிந்தது 1979-இல்.

இந்த வெடிப்புக்காக அமெரிக்கா போருக்குப் போகவில்லை. அந்த நவம்பரில் வில்சன் ‘நம்மைப் போரிலிருந்து காத்தவர்’ என்ற கோஷத்தோடு மறுபடி ஜெயித்தார். ஜெர்மனியின் நீர்மூழ்கித் தாக்குதலும், மெக்சிகோவை அமெரிக்காவுக்கு எதிராகக் கூட்டுச் சேர அழைத்த அதன் சிம்மர்மன் தந்தியும் சேர்ந்து வந்த பிறகுதான், 1917 ஏப்ரல் 6, போர்ப் பிரகடனம்.

இந்த வெடிப்புக்குப் பிறகு, சிலையின் தீப்பந்தத்துக்கு ஏறும் வழி 1916-இலிருந்தே பொதுமக்களுக்கு மூடியிருக்கிறது. அன்றைய பந்தம் இப்போது லிபர்ட்டி தீவு மியூசியத்தில். நீரோர நடைபாதையில் வடக்கே போனால் படகு. மியூசியம் பார்க்க சாதாரண படகு டிக்கெட்டே போதும்.