சுட்டதுக்கு அப்புறம் வர்ற பத்து செகண்ட்

நியூஸ் சேனல்ல வெளிநாட்டு செய்திக்கு வீடியோ எடிட் பண்றது என் வேலை. 2011ல லிபியா சண்டை ஆரம்பிச்சப்ப ஏஜென்சி ஃபீட்ல வந்து கொட்டுன ஃபுட்டேஜ முழுசா உக்காந்து பாக்கணும், ஆனா ஏர்ல போறது துப்பாக்கி வெடிக்கிற ஏழெட்டு செகண்ட் மட்டும்தான், அதுக்கு முன்னாடி பின்னாடி இருக்குறத எடிட் பண்றவன் மட்டும்தான் பாப்பான்.

லிபியாவோட பெங்காசி நகரத்துல, நாட்ட ஆண்டுக்கிட்டிருந்த கடாஃபிக்கு எதிரா கெளம்புனவங்கள்ல நிறைய பேர் ஸ்டூடண்ட்ஸ், டிரைவர், கடைல வேலை பாத்தவங்க. ராணுவ கிடங்குலேர்ந்து எடுத்த ஆயுதத்த பிக்கப் வண்டில ஏத்திக்கிட்டு அஜ்தாபியா, பிரேகா, ராஸ் லனூஃப்னு கடலோர ரோட்டுலயே முன்னேறுவாங்க, அடி விழுந்தா அதே ரோட்டுல திரும்பி வருவாங்க.

ஒரு ஷாட் இன்னும் கண்ணுலயே நிக்குது. விமானத்துல மாட்டுற 57 மில்லிமீட்டர் ராக்கெட் லாஞ்சர பிக்கப் பின்னாடி வெல்டிங் வச்சிருக்காங்க, ராக்கெட் எல்லாம் வரிசையா சீறிட்டு ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா போகுது, சுத்தி நிக்கிறவங்க கைய தூக்கி கத்துறாங்க. அது எங்க போய் விழுந்துச்சுன்னு ஒருத்தர் கூட பாக்கல, கைல பைனாகுலர் வச்சிருக்கவன்னு யாரும் இல்ல. அந்தப் பக்கம் வீடு இருந்தா என்ன ஆகும்னு நெனச்சு நான் அங்கயே வீடியோவ நிறுத்திட்டேன்.

எங்க ஆபீஸ் நைட் செக்யூரிட்டி அண்ணன் ஆர்மில ஹவில்தாரா இருந்து ரிட்டயர் ஆனவரு, வேலூர் பக்கம். ஒரு நாள் டீ குடுக்க வந்தவரு ஸ்க்ரீன பாத்துட்டு, "துப்பாக்கிய விடு தம்பி, ஆளுங்க எப்படி நிக்கிறாங்கன்னு பாரு. ஒரு ஷெல் விழுந்தா அத்தன பேரும் போய்டுவாங்க. குழி வெட்டிருக்கானா எவனாச்சும்? சைடுல பாக்க ஆள் போட்டிருக்கானா?"ன்னாரு. திரும்ப ஓட்டிப் பாத்தேன், எல்லார் கண்ணும் ரோட்டு மேலதான். கடாஃபி படை பாலைவனம் வழியா சுத்தி வந்து பக்கவாட்டுல அடிச்சப்ப மொத்த வண்டியும் ஒரே நேரத்துல யூ டர்ன் போட்டதுக்கு காரணம் அந்த ஷாட்லயே இருந்துச்சு.

அப்புறம் அவர் சொல்லச் சொல்ல நிறைய தெரிய ஆரம்பிச்சுது. ஆர்பிஜி, அதாவது தோள்ல வச்சு ராக்கெட் அடிக்கிற ஆயுதம், அத அடிக்கிறவனுக்கு நேர் பின்னாடி இன்னொருத்தன் நிக்கிறான், பின்பக்கம் வர்ற நெருப்புக் காத்து அவன் மேலதான் அடிக்கும். ஏகே 47ல சேஃப்டி லீவர கீழ தள்ளுனா முதல்ல வர்றது ஆட்டோமேட்டிக், ஒவ்வொண்ணா சுடுற நெல அதுக்கும் கீழ. சொல்லிக் குடுக்க ஆள் இல்லாத கை முதல் இடத்துலயே நின்னுடும், 30 குண்டும் மூணு செகண்ட்ல காலி. அதுவும் கேமராவ கண்டா இன்னும் அதிகமா சுடுறாங்க. ஏப்ரல் மாசம் பிரேகா பக்கத்துல யாரோ வானத்த பாத்து சுட்டதும் இவங்க பக்கம் நின்ன நேட்டோவோட விமானம் மேல போனது குண்டு போட்டு பத்து பேருக்கு மேல செத்தாங்க, எல்லாம் இவங்க ஆளுங்களேதான்.

இந்த வீடியோவ பாத்துட்டு காமெடின்னு சிரிக்கிறவங்கள பாத்தா எனக்கு கோவம் வரும். அங்க தைரியத்துக்கு ஒரு கொறையும் இல்ல, கூட நின்னு "தள்ளி நில்லு, குனி, பின்னாடி பாரு"ன்னு அதட்ட ஒரு ஹவில்தார்தான் இல்ல. மிஸ்ராதாங்கிற இன்னொரு ஊர்ல கடாஃபி படையோட முற்றுகைக்குள்ள மாட்டுனவங்களுக்கு பின்வாங்க ரோடே கெடையாது, பின்னாடி கடல். மண்ணு நெரப்பின கன்டெய்னர குறுக்க போட்டு அந்த ஊரோட திரிபோலி ஸ்ட்ரீட்ல இருந்த கடாஃபி ஸ்னைப்பர்களுக்கு சப்ளை போற வழிய அடச்சாங்க, கோடைல வந்த ஃபுட்டேஜ்ல இடைவெளி விட்டு நகருறாங்க, வண்டில இரும்புத் தகடு, கைல வாக்கி டாக்கி. நடுவுல எத்தன பேர் செத்து அத கத்துக்கிட்டாங்கன்னு நெனச்சா சோறு எறங்காது.

இப்ப டெஸ்க்குக்கு வர்ற புதுப் பசங்ககிட்ட சுடுற ஷாட்டோட நிறுத்தாதீங்கடா, அப்புறம் வர்ற பத்து செகண்டையும் வைங்கன்னு சொல்றேன். நேரம் பத்தலன்னு ப்ரொட்யூசர் வெட்டிடுவாரு, ஆனாலும் நான் டைம்லைன்ல வச்சுத்தான் குடுக்குறேன்.