கிளிநொச்சிக் குறிப்புகள், 2025

ஜனவரி 21, செவ்வாய்

விடிவதற்குள் டிரம்ப் கையெழுத்துப் போட்டுவிட்டார். அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முழுவதும் 90 நாளுக்கு இடைநிறுத்தம். கணக்காளர் தம்பி ஹெல்மெட்டைக் கழற்றாமலே கேட்டான், "அக்கா, எங்களுக்குமா?" அமெரிக்கக் காசு எங்களுக்கு வருவது கொழும்பு நிறுவனம் ஒன்றின் ஊடாக. அங்கே போன் எடுத்தேன். "எழுத்தில ஒண்டும் வரேல்ல, வேலையைச் செய்யுங்கோ" என்றார்கள். 90 நாள் என்றால் ஏப்ரல் 20. உள்ளூராட்சித் தேர்தலில் கேட்கிற பெண்களுக்கான எங்கள் பயிற்சி மார்ச்சில்.

ஜனவரி 23, வியாழன்

முழங்காவில் கிராமத்து அக்கா போன் எடுத்தார். பயிற்சிக்குப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்துவிட்டாராம். "பஸ் காசு தருவீங்கள் தானே தங்கச்சி? நெல் அருவி வெட்டு நேரம். ஒரு நாள் கூலியை விட்டிட்டுச் சும்மா வராதுகள்." தருவோம் என்றேன்.

ஜனவரி 27, திங்கள்

வந்துவிட்டது. கொழும்பு நிறுவனம் அனுப்பிய மின்னஞ்சல். எல்லா வேலையையும் உடனே நிறுத்தவும், புதிய செலவு எதுவும் செய்யக்கூடாது, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுகளை முடிந்த அளவு குறைக்கவும். ஸ்கூட்டியைக்கூட எடுக்கக்கூடாதாம்.

மண்டபத்துக்கு முற்பணம் கொடுத்தாயிற்று. சாப்பாட்டுக்கு மாதர் சங்கத்திடம் சொல்லியாயிற்று, அவர்கள் அரிசி வாங்கிவிட்டார்கள். டிசம்பரில் செய்த வேலைக்கான வவுச்சர்கள் போன வாரம்தான் கொழும்புக்குப் போயின, அந்தக் காசும் வரவில்லை. தர்மபுரம் பிள்ளையின் காணி வழக்கு மார்ச் 12. சட்டத்தரணியின் பயணச் செலவும் இதே கணக்கில்தான் இருந்தது.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன்

உயிர்காக்கும் உதவிகளுக்கு விலக்கு அளித்திருக்கிறார்கள். கடைசிவரை வாசித்தேன். பாலினம் சார்ந்த வேலைகளுக்கு அந்த விலக்கு இல்லை என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. உணவு, மருந்து, கூடாரம் என்றால் சரி. ஒரு பெண் பிரதேச சபையில் உட்கார்ந்து வரவுசெலவுத் திட்டத்தை வாசிப்பதற்கு இல்லை. யாருடைய உயிர் எங்கே போகிறது என்று வாஷிங்டனில் இருந்து எப்படித் தெரியும்? கையெழுத்துப் போட உரிமை இல்லாமல், காணி இல்லாமல், கடன்காரன் வாசலில் நிற்க நஞ்சு மருந்தைக் குடித்த பெண்களை இந்த மாவட்டத்தில் நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம்.

பெப்ரவரி 2, ஞாயிறு

அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எய்டின் இணையத்தளம் திறக்கவில்லை. 1961இலிருந்து இருக்கிற நிறுவனம்.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தினம், எங்கள் பக்கத்தில் கரிநாள். கடைகள் பாதி திறப்பு. வேலை இல்லை, இருந்தாலும் ஒப்பீஸுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன்.

வார இறுதியில் யூஎஸ்எய்டை மரம் அரைக்கிற மெசினுக்குள் போட்டதாக எலோன் மஸ்க் பெருமையாக எழுதியிருப்பதைத் தம்பி காட்டினான். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பெப்ரவரி 6, வியாழன்

79 இலட்சம் டொலர் செலவில் இலங்கை ஊடகவியலாளர்களுக்கு ஆண்–பெண் என்று பிரிக்காத மொழியைக் கற்றுக்கொடுத்தார்களாம். அமெரிக்காவில் யூஎஸ்எய்டின் வீண்செலவுப் பட்டியலில் வாசித்தது இங்கே எல்லா வட்ஸ்அப் குழுவிலும் ஓடுகிறது. எங்கள் ஊர்க் குழுவிலும் சேர் ஒருவர் அதைப் போட்டிருக்கிறார், கீழே சிரிப்புப் படங்கள். கொழும்பில் அரசியல்வாதிகள் சிலர், காசு வாங்கிய நிறுவனங்களை எல்லாம் விசாரிக்க வேண்டும் என்கிறார்கள்.

விசாரணை எங்களுக்குப் புதிதல்ல. வடக்கில் ஒரு கூட்டம் வைத்தால் யார் வந்தது, யார் காசு, என்ன கதைத்தது என்று கேட்டு யாராவது வருவார்கள். வந்த பெண்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்பார்கள். அதைக் கொடுக்காமல் இருப்பதற்காகவே எத்தனை பின்னேரங்கள் போயிருக்கின்றன. கணக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு பஸ் ரிக்கற்றும் கோப்பில் இருக்கிறது. 1980ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்த நிறுவனம், வருடா வருடம் ஓடிற் அறிக்கை கொடுக்கிறோம். இதைக் கேட்பவர்கள் தங்கள் கட்சிக்கு யார் காசு கொடுத்தது என்று இப்படி ஒரு கோப்பைத் திறந்து காட்டட்டும்.

கோபத்தில் எழுதுகிறேன். சரி, இருக்கட்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

நாடு முழுக்கக் கரண்ட் இல்லை. பாணந்துறையில் குரங்கு ஒன்று மின் நிலையத்துக்குள் போய்விட்டதாம். வீட்டுக் கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளினேன். வழக்கு மார்ச் 12ஆம் திகதி.

பெப்ரவரி 14, வெள்ளி

வாஷிங்டன் நீதிபதி ஒருவர், அமீர் அலி, நிறுத்திவைத்த நிதியை விடச் சொல்லித் தற்காலிக உத்தரவு போட்டிருக்கிறார். தம்பி எழும்பிக் கை தட்டினான். கொழும்பில் கேட்டால், "ஓடர் வந்தது உண்மை, காசு வருகிற வழிதான் தெரியேல்ல" என்கிறார்கள். காசு அனுப்புகிற ஆட்களையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாமே.

பெப்ரவரி 18, செவ்வாய்

உள்ளூராட்சித் தேர்தல் விசேட ஏற்பாடுகள் சட்டம் நேற்றுப் பாராளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. 2023இல் கொடுத்த வேட்புமனுக்கள் எல்லாம் ரத்து, புதிதாகக் கொடுக்க வேண்டும். அந்தத் தேர்தல் 2023 மார்ச் 9 நடக்க இருந்தது. திறைசேரியில் காசு இல்லை என்று சொல்லித் தள்ளிப்போட்டார்கள். அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் போன ஓகஸ்டில்தான் சொன்னது. முழங்காவில் அக்கா அப்போதும் வேட்புமனு கொடுத்திருந்தவர், இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்.

இந்த முறை பயிற்சி கட்டாயம் தேவை, ஏனென்றால் 2023இல் வந்த தேர்தல் செலவுச் சட்டம் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதல் தடவையாக வருகிறது. வேட்பாளர் எவ்வளவு செலவழிக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கணக்குக் கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் தண்டனை. கட்சி ஆண்களுக்குக் கணக்கெழுத ஆள் இருக்கும். கூலி வேலைக்குப் போகிற பெண் வேட்பாளருக்கு யார் சொல்லிக் கொடுப்பது?

பெப்ரவரி 20, வியாழன்

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி அம்மாமார் கந்தசுவாமி கோவில் முன்னால் உட்காரத் தொடங்கி இன்றோடு எட்டு வருடம். 2017 பெப்ரவரி 20. போயிருந்தேன். வெயில். முதல் வருடம் பார்த்த முகங்களில் பல இப்போது இல்லை.

வெளிநாட்டுக் காசு வாங்குவதால் எங்கள் கோரிக்கையும் வெளிநாட்டுக் கோரிக்கை என்கிறார்கள். மகனைத் தேடி வீதிக்கு வரச்சொல்லி இந்த அம்மாமாருக்கு யாரும் புரொபோசல் எழுதிக் கொடுக்கவில்லை. காணி பெண்ணின் பெயரிலும் இருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் வாரிசு என்றால் ஆணுக்குத்தான் முன்னுரிமை. அதை மாற்ற 2022 ஆகிவிட்டது. அதற்காக எத்தனை ஊர்களில் எத்தனை பெண்கள் கையெழுத்து வாங்கித் திரிந்தார்கள் என்று எனக்குத் தெரியும். காசு வந்தபோது பஸ் ஏற முடிந்தது, சட்டத்தரணியைக் கூப்பிட முடிந்தது. கேள்வி எங்களுடையதுதான்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேள்வி எங்களுடையதாக இருந்தாலும் எந்தக் கேள்வியை இந்த வருடம் கேட்கலாம் என்பதைக் காசு தருகிற டோனர்தான் தீர்மானித்தார். 2015இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் ஜெனீவாத் தீர்மானம் வந்ததும் எங்கு பார்த்தாலும் நிலைமாறுகால நீதிப் பயிற்சிதான், அதாவது போர்க்கால அநீதிக்குப் பொறுப்புக் கேட்பது. 2020இல் அரசு அந்தத் தீர்மானத்திலிருந்து விலகியது. பிறகு அந்தத் தலைப்பில் காசு குறைந்தது, வேறு தலைப்பில் வந்தது. அம்மாமாருக்குத் தலைப்பு மாறவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப மார்கழிச் சம்பளம்?" என்று மட்டும் கேட்டா.

பெப்ரவரி 27, வியாழன்

நேற்றிரவு சிவராத்திரி. அம்மாவோடு கோவிலில் விழித்திருந்தேன், நாலு சாமமும். காலையில் வந்து படுத்து, பத்து மணிக்கு எழும்பிப் பார்த்தால் மின்னஞ்சல். இடைநிறுத்தம் இல்லை, முடிவு. அமெரிக்காவின் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லையாம். ஒரே நாளில் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்களுக்கு இப்படிக் கடிதம் போயிருக்கிறது. யாரும் எங்கள் கோப்பைத் திறந்து வாசித்திருக்க முடியாது. முழங்காவிலும் தர்மபுரமும் எங்கே என்று தெரியாத ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமை பிரித்தானியப் பிரதமரும் அறிவித்துவிட்டார். தேசிய வருமானத்தில் 0.5% ஆக இருந்த உதவி 2027இல் 0.3% ஆகும், மிச்சம் பாதுகாப்புச் செலவுக்கு. நெதர்லாந்தும் பெண்ணுரிமைக்கான பணத்தை நிறுத்தப் போகிறது. அமெரிக்கா இல்லாவிட்டால் ஐரோப்பா என்று சொல்லிக்கொண்டிருந்த கொழும்பு அக்கா இன்று போன் எடுக்கவில்லை.

மார்ச் 2, ஞாயிறு

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற சித்தப்பாவோடு கதைத்தேன். நேரே கேட்டேன்: பயிற்சிக்கு மண்டபம், சாப்பாடு, பஸ் காசு, வழக்குக்குச் சட்டத்தரணி. நல்ல மனிதர். போரில் அழிந்துபோன கோவிலுக்குத் தேர் செய்ய ஊர்ச்சங்கத்தில் காசு சேர்த்துக் கொடுத்தவர். பள்ளிக்கூடத்துக்குக் கணினி கொடுத்தவர். "பிள்ளை, பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தையல் மெசின் எண்டாச் சொல்லு, நாளைக்கே அனுப்பிறன். அரசியலுக்கு எங்கட சங்கம் காசு தராது" என்றார்.

இதையே யோசித்துக்கொண்டு இருக்கிறேன், நித்திரை வரவில்லை. தேருக்குக் காசு உண்டு. தேர்முட்டிக்கும் உண்டு. தையல் மெசினுக்கு உண்டு, ஆனால் தைத்த சட்டையை விற்க ஒரு சந்தைக் கட்டடம் வேண்டும் என்று சபையில் எழுந்து கேட்பதற்கு இல்லை. அந்தக் கட்டடத்தை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்கிற மேசையில் ஒரு பெண் இருக்க வேண்டும் என்பதற்கும் இல்லை. 25% பெண்கள் வேண்டும் என்று சட்டம் வந்தது எங்கள் பாராளுமன்றத்தில்தான். 2018க்கு முன் உள்ளூராட்சியில் பெண்கள் 2%கூட இல்லை, அந்தத் தேர்தலோடு 20% தாண்டியது. இவ்வளவு பெரிய மாற்றத்தைச் சட்டமாக எழுதிய அரசு, அந்தப் பெண்களைத் தயார்படுத்துகிற வேலையை வெளிநாட்டுக் காசிடம் விட்டுவிட்டது. கட்சிகளும் விட்டுவிட்டன. எங்கள் சமூகமும் விட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் இந்த மாவட்டத்துக்குள் இருந்து, ஒரு கடையில் இருந்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் இருந்து இதற்கென்று ஒரு ரூபா வந்ததாக எங்கள் புத்தகத்தில் இல்லை. எங்கள் காணிக்கும் எங்கள் வாக்குக்கும் ஆன செலவை ஐயோவாவில் இருக்கிற ஒரு விவசாயியின் வரிப்பணம் ஏன் கடைசிவரை தாங்க வேண்டும்? அவர் நிறுத்தச் சொல்லி வாக்களித்தால் நான் அவரோடு சண்டைக்குப் போக முடியாது. சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல், செய்த வேலைக்குக் காசு கொடுக்காமல் நிறுத்தியதற்குத்தான் அவருடைய அரசோடு சண்டை. மற்றச் சண்டை இங்கே, எங்கள் ஆட்களோடு.

சித்தப்பாவுக்கு இதை எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். சுருக்கமாக எழுத வரவில்லை.

மார்ச் 6, வியாழன்

அமெரிக்க உயர் நீதிமன்றம் 5–4. ஏற்கெனவே செய்து முடித்த வேலைக்குக் காசு கொடுக்கச் சொன்ன உத்தரவை நிறுத்த மறுத்துவிட்டார்கள். டிசம்பர் வவுச்சர்!

மார்ச் 8, சனி

மகளிர் தினம். வருடா வருடம் நாங்கள் செய்வது. இம்முறை பிரதேச செயலகத்து நிகழ்வில் பின்வரிசையில் இருந்தேன். கோலப்போட்டி, பேச்சு, மைலோ. ஓர் உத்தியோகத்தர் தேர்தலைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லாமல் அரை மணித்தியாலம் பேசினார்.

மார்ச் 11, செவ்வாய்

அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ரூபியோ அறிவித்துவிட்டார்: யூஎஸ்எய்ட் திட்டங்களில் 83% ரத்து, 5,200 ஒப்பந்தங்கள். நாளை வழக்கு. சட்டத்தரணி "வாறன், காசைப் பற்றிப் பிறகு கதைப்பம்" என்றார். எவ்வளவு நாளைக்கு அவரிடம் இப்படிக் கேட்பது?

மார்ச் 12, புதன்

தவணை போட்டுவிட்டார்கள். தர்மபுரம் பிள்ளை, காணாமற்போன புருசனுக்கான காணாமற்போனோர் சான்றிதழ் வைத்திருக்கிறாள், 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி வாங்கியது. புருசனின் தம்பி, காணி அனுமதிப் பேமிற் அண்ணனின் பெயரில் இருப்பதால் காணி தங்கள் குடும்பத்துக்கு என்கிறார். 2009இலிருந்து அந்தக் காணியில் குடியிருந்து, பற்றை வெட்டி, கிணறு கட்டி, மூன்று பிள்ளை வளர்த்தவள் அவள். நீதிமன்ற வாசலில் அவளுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தவணைக்கும் வருவோமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

மார்ச் 15, சனி

முழங்காவில் அக்கா வீட்டு முற்றத்தில் கூடினோம். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, வேட்புமனு எப்படி நிரப்புவது, வட்டாரங்களில் நேரே போட்டியிடுகிற முதல் பட்டியலில் 10% பெண்கள், கட்சிக்குக் கிடைக்கிற வாக்கின்படி பிறகு ஆள் எடுக்கிற இரண்டாவது பட்டியலில் 50% என்றால் என்ன, ஏன் இரண்டாவது பட்டியலில் மட்டும் பெயர் போடக் கட்சி விரும்புகிறது என்பதை எல்லாம் விளங்கப்படுத்தினார். காசு வாங்கவில்லை. கஞ்சியும் பயறும் அக்காவே செய்தார். பூநகரிப் பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். கண்டாவளையில் இருந்து ஒருவரும் வரவில்லை, இரண்டு பஸ் மாற வேண்டும், பஸ் காசு கொடுக்க எங்களிடம் இல்லை. செலவுச் சட்டத்துக்கு வரும்போது நாலரை மணி, பலர் எழும்பிவிட்டார்கள். இப்படியே செய்யலாம், வெளிநாட்டுக் காசு வேண்டாம் என்று யாராவது சொன்னால் கண்டாவளைப் பெண்களைக் கேட்டுவிட்டுச் சொல்லட்டும்.

மார்ச் 17, திங்கள்

வேட்புமனு ஏற்கத் தொடங்கிவிட்டார்கள். வவுச்சர் பற்றி ஒன்றுமில்லை.

மார்ச் 19, புதன்

கட்சி முழங்காவில் அக்காவை வட்டாரத்தில் போடவில்லை. இரண்டாவது பட்டியலில் போட்டிருக்கிறார்கள். வட்டாரத்துக்கு ஓர் ஆசிரியர், ஆண். அக்கா அழவில்லை, சத்தமாகக் கதைத்தார். "எட்டு வருசமா எந்த மழைக்கும் இந்தச் சனத்திட்ட நான்தான் போனனான்." சுயேச்சையாகக் கேட்கலாமா என்று இரவு ஒன்பது மணிக்குக் கேட்கிறார். நாளை மதியம் 12 மணிக்கு முடிகிறது. குழு சேர்க்க வேண்டும், கட்டுப்பணம் வேண்டும், இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ் அத்தாட்சிப்படுத்தியதாக இருக்க வேண்டும். அதிபரின் போன் நிறுத்தியிருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

முடியவில்லை. தேர்தல் மே 6. வடக்கில் பல மனுக்கள் நிராகரிப்பு என்று செய்தி வருகிறது, கிளிநொச்சியில் எவை என்று நாளை மாவட்டச் செயலகத்தில் கேட்க வேண்டும். அக்காவின் பட்டியல் தப்பியதா தெரியவில்லை. கொழும்பிலிருந்து கடிதம், ஸ்கூட்டியையும் இரண்டு கணினியையும் திருப்பி ஒப்படைக்கும்வரை பூட்டி வைக்கச் சொல்லி. பெண்களின் பெயர்ப் பட்டியல் அந்தக் கணினியில்தான் இருக்கிறது, அதை முதலில் எடுத்து