ரெகுலேட்டர் கிரீப்: வாரன்டில ரெண்டு தடவ போயிட்டு வந்த என் 10 மீட்டர் ரைபிள்

என் 10 மீட்டர் ஏர் ரைபிள் (காத்தழுத்தத்துல சுடற போட்டித் துப்பாக்கி) ரெண்டாவது தடவையா கம்பெனிக்குப் போயிட்டு வந்து இன்னையோட 16 நாள் ஆகுது. இன்னும் முழுசா நம்பிக்கை வரல, மொத தடவ மூணு வாரம் நல்லா இருந்துட்டுத்தான் மறுபடி பழைய கதையாச்சு. ஆனா இந்தத் தடவ காரணம் என்னன்னு கையில புடிச்சாச்சு, அதனால எழுதிடறேன். கம்பெனி பேரு கேக்காதீங்க, சொல்லப் போறதில்ல.

ஆரம்பம் என்னன்னா, போன மாநிலப் போட்டிக்கு முன்னாடி பிராக்டிஸ்ல ஒரு வினோதமான விஷயம். தொடர்ந்து அடிச்சா எல்லாம் 10.3, 10.5னு பாயிண்ட் வரும். கொஞ்சம் நிறுத்தி தண்ணி குடிச்சிட்டு, ஜாக்கெட் பட்டன சரி பண்ணிட்டு வந்து அடிச்ச மொத ஷாட் மட்டும் நேரா மேல, 12 மணில 9.8, 9.9. அடுத்தது மறுபடி 10.4. ரெண்டு மாசம் இது என் தப்புன்னே நினைச்சேன். மூச்ச மாத்தினேன், கன்னம் வைக்கிற எடத்த 2 எம்எம் தூக்கினேன், கையுறை மாத்தினேன், பொசிஷனே மொத்தமா கலைச்சுக் கட்டினேன். கிளப்ல ஒரு பெரியவர் இருக்காரு, 50 மீட்டர் புரோன் (படுத்துட்டு சுடறது) அந்தக் காலத்துல இருந்து அடிக்கிறவரு. பத்து நிமிஷம் பின்னாடி நின்னு பாத்துட்டு, "தம்பி, ஆளு ஒரே மாதிரிதான் நிக்கிற. கிரோனோ போட்டுப் பாரு"ன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு.

கிரோனோன்னா பெல்லட் (சின்ன ஈயக் குண்டு) போற வேகத்த அளக்கிற கருவி. ஒரு நண்பர்கிட்ட வாங்கிட்டு வந்து 30 செகண்ட் இடைவெளில பத்து அடிச்சேன். செகண்டுக்கு 171, 172, 172, 171 மீட்டர், அருமை. பத்து நிமிஷம் சும்மா வச்சிட்டு அடிச்சா 182! அடுத்தது 172. அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல எனக்கு.

செகண்டுக்கு 10 மீட்டர் வித்தியாசம்னா பெருசான்னு கேக்கலாம், கணக்கு போட்டுப் பாருங்க. 172ல போற பெல்லட் 10 மீட்டர் தாண்டறதுக்குள்ள ஏறக்குறைய 16.6 எம்எம் கீழ இறங்கும், 182ல போனா 14.8 எம்எம்தான் இறங்கும். 1.8 எம்எம் மேல போயிடுது. நம்ம டார்கெட் கார்டுல ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவுல 2.5 எம்எம், அப்போ 1.8னா 0.7 பாயிண்ட் போச்சு. 10.6 வர வேண்டியது 9.9 ஆகுது. 60 ஷாட்ல எத்தன தடவ நிறுத்தி நிறுத்தி அடிக்கிறோம், அத்தன தடவையும் இது நடக்கும்.

இது ரெகுலேட்டர் கிரீப். ரெகுலேட்டர், சிலிண்டர்ல இருக்கிற 200 பார் (காத்தழுத்த அளவு) காத்த 65, 70 பாருக்கு இறக்கி வச்சிட்டு, அதுக்குள்ள இருக்கிற சீட் (காத்து வழிய அடைக்கிற சின்னத் துண்டு) நல்லா மூடிக்கணும். மூடலன்னா, இறுக்கித் திருப்பின பின்னாடியும் சொட்டிட்டே இருக்கிற குழாய் மாதிரி, இந்தப் பக்கம் அழுத்தம் மெதுவா ஏறிட்டே இருக்கும். எவ்வளவு நேரம் சும்மா வைக்கிறோமோ அவ்வளவு ஏறும். இதுல கொடுமை என்னன்னா வெளிய ஒரு சொட்டு காத்து கூட கசியாது. கேஜ் சிலிண்டர் அழுத்தத்ததான் காட்டும், அது ராத்திரி 190ல வச்சா காலைல 190லதான் நிக்கும்.

இதுதான் கஸ்டமர் சர்வீஸ்கூட சண்டைக்கே காரணம். மெயில் போட்டேன், நாலு நாள் கழிச்சு பதில்: சோப்புத் தண்ணி தடவி வீடியோ அனுப்புங்க. தடவினேன், அனுப்பினேன். குமிழி இல்ல, அதனால பழுது இல்லன்னு எழுதிட்டாங்க. போன் பண்ணா டெஸ்க்ல இருக்கிற பொண்ணு ரொம்ப மரியாதையாத்தான் பேசுறாங்க, ஆனா கிரீப்னா என்னன்னே அவங்களுக்குத் தெரியல, பாவம் அவங்கள என்ன சொல்றது. ரெண்டாவது மெயிலுக்கு வந்த பதில்தான் கோவத்தக் கிளப்பிச்சு. ஓ-ரிங் (காத்து கசியாம அடைக்கிற ரப்பர் வளையம்) தேய்மானப் பொருளாம், வாரன்டில வராதாம், கிட் அனுப்பறோம் காசு கட்டுங்கன்னாங்க. நான் ஓ-ரிங்ன்னு எங்க சொன்னேன்? ஓ-ரிங் வேணும்னா நஞ்சப்பா ரோட்ல போனா பம்புக்கு விக்கிற கடைலயே நைட்ரைல் 70, 90 ரெண்டு கடினத்துலயும் கிடைக்கும், கோயமுத்தூர்க்காரனுக்கு ஓ-ரிங் ஒரு பஞ்சமா. ரெகுலேட்டர திறந்தா சீல் உடைஞ்சு வாரன்டி போயிடும், திறக்கலன்னா அவங்க நம்ப மாட்டேங்கிறாங்க.

இந்த எடத்துல நான் செஞ்சதுதான் வேல செஞ்சுது. எழுதி விளக்கறத நிறுத்திட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து கிரோனோ, சுவர்க்கடிகாரம், ரைபிள் கேஜ் மூணும் ஒரே ஃபிரேம்ல தெரியற மாதிரி போன நிக்க வச்சு வெட்டாம எடுத்தேன். 30 செகண்ட் விட்டு 172. ரெண்டு நிமிஷம் விட்டு 173. அஞ்சு நிமிஷம் 176. பத்து 182. இருபது நிமிஷம் 188. அதோட இன்னொன்னு, சிலிண்டர 120 பாருக்கு இறக்கிட்டு இதே பத்து நிமிஷ டெஸ்ட் பண்ணா 176தான் வந்துச்சு. ரெண்டு பக்கத்துக்கும் இருக்கிற வித்தியாசம் கொறஞ்சா ஏறறதும் கொறையுது, அப்போ சீட்தான், வேற எதுவும் இல்ல. இத ஒரு பக்கத்துல எழுதி பில் காப்பியோட அனுப்பினேன். மறுநாளே ஒத்துக்கிட்டாங்க, ரைபிள அனுப்புங்கன்னாங்க. இதே விஷயத்த வார்த்தையா நாலு மெயில்ல சொல்லியிருக்கேன்!

நடுவுல நுகர்வோர் கோர்ட் வரைக்கும் யோசிச்சு வச்சிருந்தேன். நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915க்கு போன் பண்ணா புகார் எடுத்துப்பாங்க, 2019 சட்டப்படி கம்பெனி எந்த ஊர்ல இருந்தாலும் நம்ம ஊர்லயே கேஸ் போடலாம். அது தேவைப்படல, நல்லதாப் போச்சு.

அப்புறம் கூரியர். மொத ரெண்டு எடத்துல துப்பாக்கின்னு கேட்டதுமே பெட்டிய தொடவே இல்ல. கம்பெனிகிட்ட லெட்டர்ஹெட்ல ஒரு கடுதாசி வாங்கினேன். காத்தழுத்தத்துல வேல செய்யற விளையாட்டு ரைபிள், 0.177 காலிபர், 20 ஜூலுக்குக் கீழ, 2016 ஆயுத விதிகள்படி லைசன்ஸ் தேவையில்ல, சர்வீசுக்கு வருதுன்னு. அதையும் பில்லையும் ஆதார் காப்பியையும் பெட்டி மேல ஒட்டினதும் மூணாவது எடத்துல எடுத்துக்கிட்டாங்க. சிலிண்டர் காத்து முழுசா எறக்கி, கழட்டித் தனியா வச்சுதான் அனுப்பணும், இத யாரும் மறக்காதீங்க. பின்சைட்டையும் (குறி பாக்கிற பின்பக்கக் கருவி) கழட்டி வீட்லயே வச்சுக்கிட்டேன், அது போய் அடிபட்டா தாங்க மாட்டேன்.

23 நாள் கழிச்சு வந்துச்சு. கூட ஒரு துண்டுச்சீட்டு: ஓ-ரிங் மாற்றப்பட்டது, டெஸ்ட் செய்யப்பட்டது, சரி. ஒரே ஒரு நம்பர் இல்ல அந்தச் சீட்டுல. என்ன வேகத்துல டெஸ்ட் பண்ணாங்க, எவ்வளவு நேரம் விட்டு அடிச்சாங்க, ஒன்னும் இல்ல. அதோட பட் பிளேட் (தோள்ல வைக்கிற தகடு) ஒரு பக்கம், கன்னக்கட்டை 4 எம்எம் கீழ, கிரிப் வேற கோணத்துல. ஸ்டாக்க கழட்டினா எல்லாம் கலையும், புரியுது, ஆனா நாலு மாசம் தேடிக் கண்டுபுடிச்ச செட்டிங் அது. அதுக்கப்புறம் கத்துக்கிட்டேன், அனுப்பறதுக்கு முன்னாடி ஒவ்வொரு அட்ஜஸ்ட்மென்ட் பக்கத்துலயும் ஸ்டீல் ஸ்கேல் வச்சு போட்டோ, மாஸ்கிங் டேப்ல கோடு.

பத்து நிமிஷ டெஸ்ட் 173 காட்டுச்சு, சந்தோஷம். மூணு வாரம் கழிச்சு 179. ஏமாத்திட்டாங்கன்னு தான் நினைச்சேன், அன்னிக்கு எழுதின மெயில இப்ப படிச்சா கொஞ்சம் அதிகமாத்தான் பேசியிருக்கேன்.

இந்தத் தடவ டெஸ்க்ல பேச மாட்டேன், ரைபிள கையால பிரிச்ச ஆளுகிட்டதான் பேசுவேன்னு புடிவாதமா நின்னேன். ரெண்டு நாள் கழிச்சு அவரே கூப்பிட்டாரு. நான் சொன்னது எல்லாத்தையும் குறுக்க பேசாம கேட்டாரு. கேட்டுட்டு ஒரே கேள்வி: "சார், காத்து எப்படி நிரப்பறீங்க?" ஸ்கூபா சிலிண்டர்ல இருந்து, அடாப்டர் போட்டுன்னேன். அந்த அடாப்டரையும் பெட்டில போடுங்கன்னாரு.

போடறதுக்கு முன்னாடி எனக்கே ஒரு சந்தேகம். திருப்பூர் பனியன் வேஸ்ட் வீட்ல எப்பவும் கெடக்கும், வெள்ளத் துணியா ஒன்னு எடுத்து அடாப்டர் மரைக்குள்ள விட்டு ஒரு திருப்பு திருப்பி எடுத்தேன். வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா துணில பொன் நெறத்துல மின்னுது. பித்தளப் பிசிறு. விரல் நுனில தடவினா தெரியவே தெரியல, லென்ஸ் வச்சுப் பாத்தா சுருள் சுருளா இருக்கு. அந்த அடாப்டர் கம்பெனிது இல்ல, கம்பெனி விலை அதிகம்னு வேற எடத்துல வாங்கினது, கடைசிக் கழுவல் கூட பண்ணாம வித்திருக்காங்க. உள்ள இருக்க வேண்டிய ஃபில்டரும் இல்ல. ஒவ்வொரு தடவ நிரப்பும்போதும் 200 பார் அழுத்தத்துல அந்தப் பிசிற நானே சிலிண்டருக்குள்ள ஊதிட்டு இருந்திருக்கேன், அங்க இருந்து ரெகுலேட்டருக்கு.

அவரு பிரிச்சுட்டு போட்டோ அனுப்பினாரு. சீட் வெள்ளப் பிளாஸ்டிக், ஒரு பட்டாணில பாதி கூட இருக்காது, அதோட முகத்துல வட்டமா அழுந்தின ஒரு தடம், அந்தத் தடத்து மேலயே ரவைல நாலுல ஒரு பங்கு இருக்கிற மாதிரி ஒரு பித்தளத் துகள் பதிஞ்சு ஒக்காந்திருக்கு. அந்த ஒரு துகளுக்குத்தான் நான் பொசிஷனையே கலைச்சேன். மொத தடவ சுத்தம் பண்ணி ஓ-ரிங் மாத்தினதும் சரியாச்சு, நான் அதே அடாப்டர்ல நிரப்பினதும் திரும்ப வந்துச்சு. அவங்க வேலைல தப்பு இல்ல, ஆனா இந்தக் கேள்விய மொத தடவையே யாராவது கேட்டிருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும்.

வெளி அடாப்டர்னால வந்த பழுதுன்னு சொல்லி வாரன்டிய மறுத்திருக்கலாம், மறுக்கல. சீட் புதுசு, ஓ-ரிங் புதுசு, சிலிண்டர் உள்பக்கமும் சுத்தம் பண்ணிக் கொடுத்தாங்க, காசு வாங்கல. நான் கேட்டுக்கிட்டபடி துண்டுச்சீட்டுல நம்பரும் எழுதியிருந்தாரு: உடனே 172, 10 நிமிஷம் 172, 30 நிமிஷம் 173. அந்தத் துண்டுச்சீட்ட பத்திரமா வச்சிருக்கேன்.

இப்ப கம்பெனி அடாப்டரே வாங்கியாச்சு, ஃபில்டரோட. மரைக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான், அதுவும் தொட்டும் தொடாம. பெட்ரோலியம் கிரீஸ் எதுவும் இந்த அழுத்தத்துல கிட்டயே கொண்டு போகாதீங்க, தீப்புடிக்கும். காத்து நிரப்ப இங்க தீயணைப்பு உபகரணம் விக்கிற ஒருத்தர்கிட்ட போறேன், மூச்சுக்கருவி சிலிண்டருக்கு நிரப்பற கம்ப்ரசர் வச்சிருக்காரு, ஈரம் இல்லாத காத்து. கைப்பம்புல அடிக்கிற நண்பர்கள் ஈரத்துக்கு ஒரு வழி பண்ணுங்க, அதப் பத்தி தனியா எழுதணும்.

அடுத்து பெல்லட் டெஸ்ட். எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச்ல 4.49, 4.50 எம்எம் ரெண்டும், ஆர்.டபிள்யூ.எஸ் ஆர் 10ல ஒரு டப்பாவும் வச்சிருக்கேன். ரைபிள வைஸ்ல கட்டி அடிக்க ரப்பர் வச்ச பிடிப்பு ஒன்னு லேத்ல சொல்லியிருக்கேன், புதன்கிழமை தரேன்னாங்க. டிரிகர் செகண்ட் ஸ்டேஜ் (விசைய இழுக்கற ரெண்டாவது கட்டம்) கொஞ்சம் கனமா தெரியுது, அதயும் பாக்கணும். ஆனா கிரீப் 30 நாள் தாண்டறவரைக்கும் வேற எதயும் தொடறதா இல்ல, ரெண்டு விஷயத்த ஒன்னா மாத்தினா எதுனால எதுன்னு தெரியாமப் போயிடும்.

இன்னிக்குக் காலைல 190 பார்ல 20 நிமிஷம் விட்டு அடிச்சது 173. அடாப்டர துணில தொடச்சேன், துணி வெள்ளையாவே இருக்கு. சனிக்கிழமை அடுத்த ரீடிங்.