எழுதியாச்சு என்று சொல்வதற்கு முன்

2012ல் காட்பாடியில் எங்கள் வீட்டில் கரென்ட் எப்போது போகும், எப்போது வரும் என்பது அம்மாவுக்கு மனப்பாடம். கிரைண்டரில் அரிசி போடுவதே அந்தக் கணக்கைப் பார்த்துத்தான். அதே கணக்கை வைத்து நான் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கணினியில் இருக்கும் ஃபைலை நெட்வொர்க் வழியாகத் தன்னுடையது போலவே பயன்படுத்த வைப்பது என்எஃப்எஸ். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் அந்தப் பகுதிக்கு பேட்ச், அதாவது திருத்தம், எழுத ஆரம்பித்திருந்த சமயம் அது. மேசைமேல் இரண்டு பழைய கணினிகள். ஃபைல்களை வைத்திருக்கும் சர்வருக்கு யுபிஎஸ் கிடையாது. வேண்டுமென்றே நேராக இபி லைனில் செருகியிருந்தேன். அந்த ஃபைல்களைப் பயன்படுத்தும் கிளையன்ட் மட்டும் இன்வர்ட்டரில் ஓடும்.

கரென்ட் போன கொஞ்ச நேரத்தில் கிளையன்டில் ஒரு வரி வரும்: 'சர்வர் நாட் ரெஸ்பாண்டிங், ஸ்டில் டிரையிங்'. ஃபைலில் எழுதிக்கொண்டிருந்த புரோகிராம் அப்படியே நிற்கும். பிழை காட்டாது, சாகவும் சாகாது. இரண்டு மணி நேரம் கழித்து அம்மா சமையலறையிலிருந்து, "கரென்ட் வந்துடுச்சிப்பா, உன் பொட்டி எழுந்துச்சா பாரு" என்பார். சர்வர் பூட் ஆனதும் திரையில் 'ஓகே' என்று வரும். விட்ட இடத்திலிருந்து எழுத்து ஓடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டேன்.

இதற்கான அடிப்படையை 1980களின் நடுவிலேயே சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் போட்டுவிட்டார்கள். யார் எந்த ஃபைலைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று சர்வர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. எந்த ஃபைல், எந்த இடம், எத்தனை பைட் என்று ஒவ்வொரு கோரிக்கையும் தன் விவரத்தைத் தானே சுமந்து வரும். அதனால் சர்வர் செத்துப் பிழைத்தாலும் கிளையன்ட் அதே கோரிக்கையைத் திரும்ப அனுப்பினால் போதும். ஒரே ஃபைலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் கை வைக்காமல் இருக்கப் போடும் பூட்டு விஷயத்தில் மட்டும் இது போதாது. நான்காம் பதிப்பில் சர்வர் மறுபடி எழுந்ததும், லினக்ஸில் வழக்கமாக 90 நொடி, புதிதாக யாருக்கும் பூட்டு தராது. பஸ்ஸில் ஏற்கெனவே துண்டு போட்டு இடம் பிடித்தவர்கள் முதலில் வந்து தங்கள் இடத்தைச் சொல்லிவிடட்டும், அப்புறம் மற்றவர்கள் ஏறலாம் என்பது போல.

என் மனசுக்கு மிகவும் பிடித்தது 1995ல் வந்த மூன்றாம் பதிப்பின் கமிட் ஏற்பாடு. 'வாங்கியதை டிஸ்க்கில் இறக்கிவிடு' என்று கிளையன்ட் கேட்பதுதான் கமிட். ஒவ்வொரு துண்டும் டிஸ்க்கில் இறங்கும்வரை காத்திருந்தால் வேகம் படுத்துவிடும். அதனால் சர்வர் தரவை மெமரியில் வாங்கிவைத்துக்கொண்டு, 'வாங்கிக்கொண்டேன், இன்னும் டிஸ்க்கில் இறக்கவில்லை' என்று உண்மையைச் சொல்கிறது. கூடவே 8 பைட் அடையாளம் ஒன்றும் தருகிறது. கிளையன்ட் தன் நகலைத் தூக்கி எறியாது. பிறகு கமிட் கேட்கும்போது அதே அடையாளம் திரும்பி வந்தால், எல்லாம் டிஸ்க்கில் இறங்கிவிட்டது, நகலை விட்டுவிடலாம். அடையாளம் மாறியிருந்தால் இடையில் சர்வர் விழுந்து எழுந்திருக்கிறது என்று அர்த்தம். கிளையன்ட் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும்.

என் முதல் பேட்ச் மூன்றே வரி. எழுதும்போது வந்த பிழை எண் ஓரிடத்தில் தொலைந்துபோய், புரோகிராமுக்கு 0, அதாவது 'எல்லாம் சரி', என்று பதில் போய்க்கொண்டிருந்தது. மூன்று வரியை நான்கு முறை திருத்தி அனுப்பினேன். திருத்தங்களைப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் பராமரிப்பாளர் கேட்ட ஒரு கேள்வி என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை: எழுதிய புரோகிராமே முடிந்துபோய்விட்டால் அந்தப் பிழை யாரிடம் போய்ச் சேரும்? காட்பாடியிலிருந்து பெங்களூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே வரைந்து வரைந்து பார்த்திருக்கிறேன். 2017ல் 4.13 கெர்னலில் ஜெஃப் லேட்டன் பிழைகளைப் பதிந்துவைக்கும் முறையையே மாற்றினார். ஃபைலைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், எஃப்சிங்க், அதாவது 'எழுதியதை டிஸ்க்கில் இறக்கு' என்று, கேட்கும்போது, அந்தப் பிழை ஒருமுறை சொல்லப்படும். அந்தக் குறிப்பை வாசித்த அன்று எனக்குத் திருவிழா.

அப்புறம்தான் அந்த ஆய்வகம். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. ஆராய்ச்சி மாணவர் ஒருவர், "அண்ணா, ஃபைல் சைஸ் கரெக்டா இருக்கு, நடுவுல மட்டும் எல்லாம் ஜீரோ" என்று கூப்பிட்டார். புரோகிராம் எந்தப் பிழையும் காட்டவில்லை. 11 நாள் ஓடிய கணக்கு. நேரில் போய் திரையில் ஹெக்ஸாக, ஒவ்வொரு பைட்டும் எண்ணாகத் தெரியும்படி, திறந்து பார்த்தேன். எண்கள் வரிவரியாக ஓடி, திடீரென்று பூஜ்யம் பூஜ்யமாகப் பக்கம் பக்கமாக, மறுபடி எண்கள். நடுவில் ஒருநாள் மின்தடை வந்ததா என்று கேட்டேன். வந்திருந்தது.

அங்கேயும் ஃபைல் என்எஃப்எஸ் சர்வரில்தான். சர்வரின் ஃபைல்களைக் கிளையன்டில் இணைப்பது மவுண்ட். முதலில் நான் சந்தேகப்பட்டது சாஃப்ட் மவுண்ட். அதில் கிளையன்ட் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பிழை என்று கைவிட்டுவிடும். புரோகிராம் அதைக் கவனிக்காவிட்டால் தரவு போச்சு. ஆனால் இங்கே சர்வர் வரும்வரை விடாமல் முயலும் ஹார்ட் மவுண்ட்தான். தவறு சர்வரில் இருந்தது. எந்த ஃபைல்களை எப்படிப் பகிர்வது என்று சர்வருக்குச் சொல்லும் எக்ஸ்போர்ட் வரியில், வேகத்துக்காக யாரோ 'ஏசிங்க்' என்று போட்டிருந்தார்கள். அப்படிப் போட்டால், கமிட் கேட்டாலும் சர்வர் டிஸ்க்கைத் தொடாமலே 'இறக்கியாச்சு' என்று சொல்லிவிடும். அதை நம்பி கிளையன்ட் தன் நகலை விட்டுவிட்டது. கரென்ட் போனது. சர்வர் எழுந்ததும் கிளையன்ட் அடுத்த துண்டிலிருந்து எழுதியது. நடுவில் விழுந்த பள்ளம்தான் அந்தப் பூஜ்யங்கள். விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதே என்று நான் எழுந்து நின்று பார்த்த அதே காட்சி, இங்கே ஒரு பையனின் 11 நாள் உழைப்பை வீணாக்கியிருந்தது.

டிஸ்க்கில் இறக்கிய பிறகே 'இறக்கியாச்சு' என்று சொல்லும்படி 'சிங்க்' என்று மாற்றினேன். காப்பி ஆவது கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மெதுவாகிவிட்டது. "ரொம்ப ஸ்லோ ஆயிடுச்சே அண்ணா" என்றார். "தம்பி, 2 ஜிபி ஃபைல் ஒண்ணு எழுத விடு. பாதியில சர்வர் பிளக்கை நீயே புடுங்கு" என்றேன். தயங்கித் தயங்கி பிளக்கைப் பிடுங்கினார். காத்திருந்தோம். திரும்பச் செருகி, சர்வர் எழுந்து, எழுதி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் செக்சம் என்ற அடையாளத்தைப் போட்டு, எழுத்து எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டார். ஒன்றாக இருந்தது. கேட்காமலே இரண்டாவது முறையும் பிடுங்கினார்.