மெய்நிகர் கணினிக்குப் போதுமான அளவில் ஒரு கெர்னல்

டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் நாங்கள் நடத்தும் வார இறுதித் தமிழ் வகுப்பின் ஒலிப்பதிவுகள், சொற்பட்டியல், வருகைப் பதிவேடு ஆகியவை ஒரே பழைய கணினியில் தனித்தனி மெய்நிகர் கணினிகளாக ஓடுகின்றன. மின்வெட்டு முடிந்து மின்சாரம் திரும்பும்போது அவை அனைத்தும் ஒரே நேரத்தில் தொடங்குவதால், நினைவகமும் வட்டும் திணறுகின்றன. ஆகவே இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கெர்னலைக் குறைத்துப் பார்க்க முனைந்தேன்.

டெபியன் என்னும் லினக்ஸ் வழங்கல் தரும் கெர்னல் எந்த வன்பொருளிலும் இயங்க வேண்டியது. புளூடூத், வைஃபை, ஒலி அட்டை என எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஇஎம்யு என்ற மென்பொருள் காட்டும் கணினியிலோ ஒரு விர்ட்டியோ (மெய்நிகர் கருவிகளுக்கான பொதுத் தரநிலை) வட்டு, ஒரு விர்ட்டியோ வலையட்டை, ஒரு சீரியல் போர்ட், கேவிஎம் (லினக்ஸின் மெய்நிகராக்க வசதி) தரும் கடிகாரம் ஆகியவைதாம் எங்களுக்குத் தேவை. முதலில் முயன்ற 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்னும் கெர்னல் அமைப்புக் கட்டளை, பயன்பாட்டில் இல்லாத மாட்யூல்களை (தேவைப்படும்போது ஏற்றப்படும் பகுதிகளை) நீக்குகிறதே தவிர, கெர்னலுக்குள்ளேயே சேர்த்துக் கட்டப்பட்டவற்றைத் தொடுவதில்லை. எனவே 'டைனிகான்ஃபிக்' என்னும் மிகச் சிறிய அமைப்பிலிருந்து தொடங்கி, வேண்டியதை மட்டும் கையால் சேர்ப்பதே சரியான வழி என்று முடிவு செய்தேன்.

டைனிகான்ஃபிக்கில் 64 பிட் ஆதரவும் இல்லை, செய்தி அச்சிடும் வசதியும் இல்லை. செய்தி அச்சிடும் பிரிண்ட்கேயையும், அதைச் சீரியல் போர்ட் வழியே காட்டும் 8250 சீரியல் கன்சோலையும் முதலில் சேர்த்தால்தான், அடுத்து எது குறைகிறது என்பதைக் கெர்னலே சொல்லத் தொடங்கும். மூல வட்டை (இயங்குதளக் கோப்புகள் இருக்கும் வட்டை) ஏற்ற முடியவில்லை என்ற பிழையில் அடைப்புக்குறிக்குள் (0,0) என்று வந்தால், வட்டே கண்ணில் படவில்லை என்று பொருள். விர்ட்டியோ வட்டுக்கான இயக்கியான விர்ட்டியோ பிளாக்கைச் சேர்த்தபின் அந்த இடத்தில் வேறு எண்கள் வந்தும் பிழை நீடித்தால், குறைவது பெரும்பாலும் வட்டின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4. அதன்பின், கெர்னல் முதலில் இயக்கும் இனிட் நிரல் -8 என்ற பிழையுடன் நின்றது. எல்ஃப் வடிவ இயக்கக் கோப்புகளுக்கும் ஷெல் ஸ்கிரிப்டுகளுக்கும் உரிய ஆதரவைச் சேர்த்ததும் அது தீர்ந்தது. ஒரு பிழைச் செய்தி இவ்வளவு துல்லியமாக வழிகாட்டும்போது, இந்த வேலை உண்மையிலேயே இன்பம் தருகிறது.

2019இல் வெளிவந்த கியூஇஎம்யு 4.2 'மைக்ரோவிஎம்' என்ற எளிய கணினி வகையை அறிமுகப்படுத்தியது. அதில் கருவிகளை இணைக்கும் வழக்கமான பிசிஐ அமைப்பைக் கைவிட்டு, கருவிகளின் முகவரிகளைக் கெர்னல் கட்டளை வரியிலேயே தரலாம். அதற்கு விர்ட்டியோ எம்எம்ஐஓவின் (பிசிஐ இல்லாமல் நினைவக முகவரிகள் வழியே விர்ட்டியோ கருவிகளை அணுகும் முறையின்) கட்டளை வரி ஆதரவையும் சேர்க்க வேண்டும். மின்நிலையை நிர்வகிக்கும் ஏசிபிஐ இல்லாமல் இயக்கும்போது வழக்கமான முறையில் மின்நிறுத்தம் செய்ய இயலாது. கெர்னலுக்கு 'ரீபூட்=டி' என்றும், கியூஇஎம்யுவுக்கு 'நோ-ரீபூட்' என்றும் கொடுத்தால், மறுதொடக்கக் கட்டளையே மெய்நிகர் கணினியை ஒழுங்காக முடித்து வைக்கிறது.

செயலிக் குறைபாடுகளுக்கான காப்புகளையும், நிரல்கள் கெர்னலிடம் கேட்கக்கூடியவற்றைக் கட்டுப்படுத்தும் செக்காம்பையும் நான் நீக்கவில்லை. மாணவர் விவரங்கள் இருக்கும் இடத்தில் சில கிலோபைட்டுகளுக்காக அவற்றை இழப்பது தகாது. சிஸ்டம்டி என்னும் இனிட் நிரலானது சிகுரூப் (நிரல்களின் வளப் பயன்பாட்டை வரையறுக்கும் வசதி) முதலிய பல கெர்னல் வசதிகளை எதிர்பார்ப்பதால் வருகைப் பதிவேடு இன்னும் பழைய கெர்னலிலேயே ஓடுகிறது. ஒலிப்பதிவுகளும் சொற்பட்டியலும் பிஸிபாக்ஸ் என்னும் சிறு கருவித்தொகுப்பின் இனிட்டுடன், இனிட்ராம்எஃப்எஸ் (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏற்றப்படும் தற்காலிகக் கோப்பு முறைமை) இல்லாமலே, புதிய கெர்னலில் இயங்குகின்றன.