எங்க கோர்ஸை யூசி (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா) ஏத்துக்கறதுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு

கலிஃபோர்னியால ஒரு கம்யூனிட்டி காலேஜ்ல பார்ட் டைமா பாடம் எடுக்கறேன். டேட்டா அனாலிசிஸ்க்குன்னு நானும் கூட வேலை பாக்கற இன்னொரு டீச்சரும் சேர்ந்து ஒரு புது கோர்ஸ் ஆரம்பிச்சோம். கிளாஸ் எடுக்கறது எங்களுக்குப் பெரிய விஷயமா இல்ல, யூனிவர்சிட்டி அதை ஏத்துக்கணுமேங்கறதுலதான் ரெண்டு வருஷம் ஓடிப்போச்சு. இங்க பசங்களை கம்யூனிட்டி காலேஜ்ல சேர்த்து ரெண்டு வருஷம் கழிச்சு யூனிவர்சிட்டிக்கு மாத்தலாம்னு இருக்கற நம்மாளுங்க நிறைய பேர், அவங்களுக்காகத்தான் எழுதறேன்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க, சிஎஸ்யூ (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி) வேற, யூசி வேற. சிஎஸ்யூக்கு ஒரு கோர்ஸ் ட்ரான்ஸ்ஃபர் ஆகுமான்னு காலேஜே முடிவு பண்ணிக்கலாம். யூசி அப்படி விடாது, ஓக்லாண்ட்ல இருக்கற அவங்க தலைமை ஆபீஸ்ல நம்ம கோர்ஸ் அவுட்லைனைப் படிச்சுப் பாத்துட்டுதான் சொல்வாங்க, அதுவும் வருஷத்துக்கு ஒரு ரவுண்டு. இது யூனிட் (அதாவது கிரெடிட்) கணக்குக்கு மட்டும். ஜெனரல் எஜுகேஷன்ல (எல்லாரும் எடுக்க வேண்டிய பொதுப் பாடங்கள்) சேர தனி ரிவ்யூ, மேஜருக்கு (முக்கியப் பாடத்துக்கு) எடுத்துப்பாங்களான்னு ஒவ்வொரு கேம்பஸ் டிபார்ட்மென்ட் கிட்டயும் தனியா கேக்கணும்.

முதல் தடவை அனுப்பினது ரிஜெக்ட். எங்க காலேஜ் ஆர்டிகுலேஷன் ஆபீசர் (இந்த அப்ரூவல் வேலைக்குன்னே ஒவ்வொரு காலேஜ்லயும் ஒருத்தர் இருப்பாங்க) அவுட்லைனை பிரிண்ட் எடுத்து மேஜைல விரிச்சு பென்சிலால கோடு போட்டாங்க. "ஸ்ப்ரெட்ஷீட்டில் சார்ட் உருவாக்குதல்"னு ஒரு வரி, அதுக்குக் கீழ ரெண்டு கோடு. "இதைப் படிச்சா சாஃப்ட்வேர் ட்ரெய்னிங் மாதிரி இருக்கு, பசங்க எதை யோசிக்கறாங்கன்னு ஒரு வரிலயும் இல்லையேம்மா"ன்னாங்க. நாங்க போட்டிருந்த டெக்ஸ்ட் புக் 2011 எடிஷன், ஏழு வருஷத்துக்குள்ள வந்ததா இருக்கறதுதான் நல்லதுன்னும் சொன்னாங்க. கிளாஸ்ல நாங்க நிஜமா நடத்தினது வேற, பேப்பர்ல எழுதினது வேற, ரிவ்யூ பண்றவங்களுக்கு பேப்பர் மட்டும்தானே தெரியும்!

திரும்ப உக்காந்து எழுதினோம். அந்த வரி "சாம்பிள் எடுத்த விதத்தைப் பார்த்து முடிவை நம்பலாமா என்று வாதிடுதல்"னு ஆச்சு, சாம்பிள் அசைன்மென்ட் முழுசா வெச்சோம், புக் மாத்தினோம். மாத்தினதால கரிகுலம் கமிட்டிக்குத் திரும்பப் போய், அடுத்த ரவுண்டுக்குக் காத்திருந்து, கடைசில அப்ரூவ் ஆச்சு. எந்தக் கோர்ஸ் எங்க ட்ரான்ஸ்ஃபர் ஆகும்னு காட்டற அசிஸ்ட் வெப்சைட்ல எங்க கோர்ஸ் பேரைப் பாத்தப்போ அந்த டீச்சரும் நானும் போன்லயே அழுதுட்டோம்.

ஆனா அப்ரூவல் அந்த ஃபால் செமஸ்டர்ல இருந்துதான், அதுக்கு முன்னாடி எடுத்தவங்களுக்குச் செல்லாது. எங்க முதல் பேட்ச்ல ஒரு பையன், ராத்திரி வேர்ஹவுஸ் வேலை முடிச்சுட்டு நேரா காலைல கிளாஸுக்கு வருவான், யூசிக்கு வேண்டிய 60 யூனிட்ல இந்த 3 யூனிட்டையும் சேர்த்துக் கணக்கு போட்டிருந்தான். முதல் வாரமே "மிஸ், இது யூசிக்குப் போகுமா"ன்னு கேட்டான், "சிஎஸ்யூக்குப் போகும், யூசியும் வந்துரும்"னு சொன்னவ நான்தான். அவன் அந்த சம்மர்ல இன்னொரு கோர்ஸ் எடுத்து ஈடுகட்டினான், ஃபீஸை விட வேலை நேரம் போனதுதான் அவனுக்கு நஷ்டம். எனக்கு அது இன்னும் ஆறல.

அதனால இப்ப முதல் நாள் கிளாஸ்ல ப்ரொஜெக்டர்ல அசிஸ்ட்டைத் திறந்து, அவங்க கோர்ஸ் எடுக்கற வருஷத்தையே செலக்ட் பண்ணி, யூசி லிஸ்ட்ல எங்க கோர்ஸ் இருக்கறதைக் காட்டிட்டுதான் பாடம் ஆரம்பிக்கறேன். "சிஎஸ்யூ"ன்னு மட்டும் போட்டிருந்தா யூசிக்கும் சேர்த்துன்னு எடுத்துக்காதீங்க. கவுன்சிலர் வாய்ல சொன்னாலும் நீங்களே ஒரு தடவை பாத்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க. எங்க கோர்ஸை மேஜருக்கு இதுவரைக்கும் ரெண்டு கேம்பஸ்தான் ஏத்துக்கிட்டிருக்கு, மத்ததுக்கு ரிக்வெஸ்ட் போயிருக்கு, ஒவ்வொரு திங்கக்கிழமையும் பதில் வந்திருக்கான்னு ஆபீசர் கிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்.