லேப்டாப்பே மானிட்டர்

ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டை வாங்கின புதுசுல நான் பண்ணின முதல் காரியம், ஹெச்டிஎம்ஐ கேபிளை எடுத்து நேரா லேப்டாப்ல சொருகினதுதான். ஒண்ணும் வரல. போர்டு போச்சுன்னு நினைச்சு, அதோட ஓஎஸ் இருக்கிற எஸ்டி கார்டை ரெண்டு தடவை திரும்ப எழுதினேன். அப்புறம்தான் உறைச்சுது: லேப்டாப்ல இருக்கிற அந்த ஹெச்டிஎம்ஐ சாக்கெட் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். ரெண்டு பக்கமும் வாய்தான், காது யாருக்கும் இல்ல.

இப்போ கட்டைவிரல் அளவுல ஒரு ஹெச்டிஎம்ஐ கேப்சர் டாங்கிள் வெச்சிருக்கேன். போர்டு அனுப்புற படத்தை வாங்கிக்கிட்டு, லேப்டாப்கிட்ட "நான் வெப்கேம்"னு பொய் சொல்லும். விஎல்சியில கேப்சர் டிவைஸைத் திறந்தா பூட் ஆகிற வரிகள் கடகடன்னு ஓடும். மவுஸை நகர்த்தினா அம்பு கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் கிளம்பும். கேம் ஆட லாயக்கில்ல. கீபோர்டைத் தனியா போர்டுலயே சொருகணும். பை 4, 5 ரெண்டுலயும் மைக்ரோ ஹெச்டிஎம்ஐ, அந்தக் கேபிளை மறந்துட்டுப் போய் நான் முழிச்சதும் உண்டு.

சும்மா கமாண்ட் அடிக்க எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியா லேப்டாப்லேர்ந்தே போர்டுக்குள்ள நுழையற வழி) போதும். ஆனா வைஃபையே ஏறலன்னா? அங்கே லேப்டாப் யூஎஸ்பியையும் போர்டோட பின்களையும் இணைக்கிற சீரியல் கேபிள்தான் தெய்வம். போர்டுல யூஆர்ட்டை, அதாவது அந்தப் பின்கள் வழியா பேசற வசதியை, முன்னாடியே ஆன் பண்ணி வைக்கணும். 6வது பின் கிரவுண்ட், 8ல போர்டு அனுப்பும் (டிஎக்ஸ்), 10ல வாங்கும் (ஆர்எக்ஸ்); அதனால கேபிளோட ஆர்எக்ஸை 8லயும் டிஎக்ஸை 10லயும் மாத்திப் போடணும், வேகம் விநாடிக்கு 115200 பிட். கேபிள் 3.3 வோல்ட்தானான்னு பார்த்துக்கோங்க, 5 வோல்ட் சிக்னலை அந்தப் பின் தாங்காது.